ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் ஆகலாமா? பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ஒரு மதிப்பீடு

ஒரே ஒரு பாட்டாவது முறையாக வெளியாகியிருந்தால் போதும், அதை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், பாட்டு பொதுவில் ஒலிப்பதற்கான கட்டணத்தை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேர்ந்துவிடலாம். தயங்க வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்த கையோடு வங்கிக் கணக்கில் பணம் விழும் என்று நினைத்துச் சேர்ந்தால் சீக்கிரமே வாய் கசந்துவிடும். 'சேர்ந்தேன், ஒன்றும் வரவில்லை' என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாடல்களைப் பதிவு செய்தீர்களா என்பதுதான். உறுப்பினர் ஆவது ஒரு வேலை, பாடல்களைப் பதிவது வேறொரு வேலை. பணம் இரண்டாவதைப் பார்த்துத்தான் வருகிறது.

அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி (ஐ.பி.ஆர்.எஸ்.) 1969-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் மும்பை. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பாடல் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் இதில் உறுப்பினர்கள். வானொலி, தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங் தளங்கள், ஓட்டல், மால், கச்சேரி மேடை என்று பாட்டு பொதுவில் ஒலிக்கும் இடங்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வசூலித்துப் பங்கிடுவது இதன் வேலை. திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் 2017 நவம்பரில் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடியும் பதிவானது. ஒரு வகைப் படைப்புக்கு வழக்கமாக ஒரே ஒரு சங்கம்தான் பதிவு பெற முடியும் என்பது சட்டம். அதனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் இந்த ஒரே கடைதான், பக்கத்துக் கடையில் விலை கேட்க முடியாது.

சட்டம் மாறிய கதை, சுருக்கமாக

1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. படத்துக்காகப் பணம் கொடுத்துப் பாட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான். வழக்கு ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் இடையிலானது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு குறிப்பும் எழுதினார்: இசையமைப்பாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் சட்டம் இன்னும் பாதுகாப்புத் தர வேண்டும் என்று. அது நடக்க 35 ஆண்டு ஆனது.

2012 திருத்தம் செய்தது இதுதான். படத்திலோ தனி ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாட்டின் ஆசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி, அதாவது பாட்டின் பயன்பாட்டுக் கட்டணத்தில் பங்கு, வாங்கும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. தங்கள் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே ஒப்படைக்கலாம். திரையரங்கில் படத்தோடு ஓடும்போது மட்டும் இது பொருந்தாது. மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்தோடு சரிபாதி. இதற்கு எதிராக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது.

கோடம்பாக்கத்தில் இன்றைக்கும் 'சகல உரிமைகளும், ராயல்டி உட்பட, நிரந்தரமாக' என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்திட்டு விட்டோமே என்று சேராமல் இருப்பவர்கள் நிறைய. பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், அது செல்லும். ராயல்டியில் உங்கள் பாதி உங்களிடமேதான் இருக்கிறது. ஆனால் அதைத் தனி ஆளாக ஒவ்வொரு வானொலி நிலையத்திடமும் ஓட்டலிடமும் போய் வசூலிக்க முடியாது. சங்கத்தின் முதல் பயன் அதுதான்.

சரிபாதியை மேலும் பிரித்தால், வழக்கமான சினிமாப் பாட்டில் நிறுவனத்துக்கு 50 விழுக்காடு, இசையமைப்பாளருக்கு 25, பாடலாசிரியருக்கு 25. வரியே இல்லாத இசைத்துண்டு என்றால் கலைஞர் பாதி முழுதும் இசையமைப்பாளருக்கு.

சேரும்போது கவனிக்க வேண்டியவை

விண்ணப்பம் இணையத்திலேயே. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டு ஒன்றின் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். எதிலே சேர்கிறோம் என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். எழுத்து மட்டுமா, இசை மட்டுமா, இரண்டுமா? இசையமைப்பாளராக மட்டும் சேர்ந்துவிட்டு, பிறகு தானே எழுதிய பாடல்களின் வரிப் பங்கு எங்கே என்று தேடக் கூடாது.

பெயர் விஷயத்தில்தான் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். ஆதாரில் ஒரு பெயர், பானில் முன்னெழுத்தை விரித்து இன்னொரு பெயர், பாட்டுப் புத்தகத்தில் புனைபெயர், பாட்டை வெளியிடும் நிறுவனமான லேபிளின் தரவில் அந்தப் புனைபெயருக்கே வேறொரு ஆங்கில எழுத்துக்கோவை. வங்கிக் கணக்கும் பானும் ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்பிவிடும். புனைபெயரைச் சேர்க்காவிட்டால் அந்தப் பெயரில் வரும் பாட்டு உங்கள் கணக்கில் ஒட்டாது. எத்தனை விதமாக உங்கள் பெயர் வெளியாகியிருக்கிறதோ அத்தனையையும் விண்ணப்பத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

உறுப்பினர் ஆனதும் ஐ.பி.ஐ. எண் ஒன்று கிடைக்கும். உலகம் முழுதும் உள்ள இதே மாதிரிச் சங்கங்கள் உங்களை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். அதைக் கைபேசியில் சேமித்து வைத்து, இனிமேல் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

கையெழுத்திடும் ஒப்படைப்புப் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். பலரும் படிப்பதில்லை. இருக்கிற பாடல்கள் மட்டுமல்ல, இனி எழுதப்போகும் பாடல்களுக்கும் சேர்த்தே சங்கத்திடம் உரிமையை ஒப்படைக்கிறீர்கள். அதன் பிறகு நண்பரின் கட்டணக் கச்சேரிக்கு 'என் பாட்டைச் சும்மா பாடிக்கொள்' என்று நீங்களாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் சொந்தப் பாட்டை நீங்களே டிக்கெட் போட்டு மேடையில் பாடினாலும் நிகழ்ச்சி நடத்துபவர் உரிமம் எடுக்க வேண்டும். சங்கத்தை விட்டு விலகச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் சங்கத்துக்கு உள்ள உரிமைகளுக்குப் பங்கம் வராமல். பாட்டைத் தானே நேரடியாக உரிமம் கொடுத்து விற்கும் தொழில்முறை வைத்திருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது இழப்பு இல்லை.

பாடல் பதிவு: எல்லாத் தவறும் நடக்கும் இடம்

ஒரு பாட்டைப் பதியத் தேவையான விவரங்கள்: தலைப்பு, மாற்றுத் தலைப்புகள், படம் அல்லது ஆல்பத்தின் பெயர், மொழி, வெளியான ஆண்டு, கால அளவு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், லேபிள், ஒலிப்பதிவின் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி., ஒவ்வொருவரின் பங்கு விழுக்காடு. கடைசியில் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும்.

தலைப்பு என்பது தமிழில் நேரான விஷயமாக இல்லை. நம் பாட்டுக்குத் தனித் தலைப்பு வைக்கும் வழக்கம் சமீபத்தில்தான் வந்தது. பல்லவியின் முதல் வரிதான் பெயர். ஒரே பாட்டு வானொலிப் பட்டியலில் முதல் இரண்டு சொல்லாகவும், ஸ்ட்ரீமிங் தளத்தில் முதல் நான்கு சொல்லாகவும், தொகையறாவோடு (பல்லவிக்கு முன் தாளமில்லாமல் பாடும் வரிகள்) தொடங்கினால் தொகையறாவின் முதல் சொல்லாகவும் இருக்கும். ஆங்கில எழுத்தில் 'ழ' ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. கணினி இவற்றை வெவ்வேறு பாட்டாக எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் தளங்களில் உங்கள் பாட்டு எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்து, அத்தனையையும் மாற்றுத் தலைப்பில் போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் இதைச் செய்யாததால் யாருடையது என்று தெரியாமல் தேங்கும் பணம் கொஞ்சமல்ல.

அடுத்தது பங்குத் தகராறு. இரண்டு பேர் எழுதிய பாட்டு. ஒருவர் வரிப் பங்கு முழுதும் தனக்கென்று பதிகிறார், இன்னொருவர் பாதி தனக்கென்று பதிகிறார். கூட்டினால் கணக்கு மிஞ்சுகிறது. இப்படிக் கோரிக்கைகள் மோதினால் தீரும் வரை அந்தப் பாட்டின் பணம் நிறுத்தி வைக்கப்படும். ஒலிப்பதிவு முடிந்த அன்றே, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ராப் பகுதி எழுதியவர், கானா வரி கொடுத்தவர், மெட்டுக்காகத் தற்காலிகமாகப் போட்ட டம்மி வரியே கடைசியில் பாட்டாக நின்றுவிட்ட உதவி இசையமைப்பாளர் எல்லோரும் விடுபடுவது இந்தத் தாள் இல்லாததால்தான். கானாக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டு வைரலான பிறகு லேபிள் வரும், பெயர்கள் மாறும்.

லேபிள் இல்லாமல் தானே வெளியிடும் தனியிசைக் கலைஞர்கள் நிறுவனப் பாதியை மறந்துவிடுகிறார்கள். அந்த உரிமையும் உங்களுடையது என்றால் அதையும் உங்கள் பெயரில் குறிக்க வேண்டும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் தளம் வழியாக மாதாமாதம் வரும் தொகை ஒலிப்பதிவுக்கானது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி அதில் அடங்காது. 'எனக்குத்தான் ஏற்கெனவே வருகிறதே' என்று சேராமல் இருப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

பின்னணி இசைக்குக் கியூ ஷீட் வேண்டும். எந்தக் காட்சியில், எத்தனை நொடி, பின்னணியாகவா, காட்சிக்குள் ஒலிப்பதாகவா, டைட்டில் இசையா, யார் இயற்றியது என்று வரிசையாகப் போட்ட பட்டியல். தயாரிப்புத் தரப்பு தர வேண்டியது, பெரும்பாலும் தருவதில்லை. இறுதி மிக்ஸிங் முடிந்த வாரத்திலேயே இசையமைப்பாளரின் உதவியாளர் ஒருவர் உட்கார்ந்து இதைத் தயாரித்தால் நிற்கும். படம் ஓ.டி.டி.க்குப் போய் ஓராண்டு கழித்துத் தயாரிப்பது நடக்கிற காரியம் இல்லை.

சின்னத்திரை சீரியலின் டைட்டில் பாட்டு கவனிக்கப்படாத ஒரு நல்ல வருமானம். வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் ஒலிக்கிறது. எழுதியவர் பெயர் திரையில் ஓடும் வேகத்தில் யாரும் படிக்க முடியாது, பதிவிலும் இருக்காது. சீரியல் தொடங்கிய வாரமே பதிந்துவிட வேண்டிய பாட்டு இது. மொழிமாற்றுப் பாடல்களையும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மெட்டு ஒன்றுதான், எழுதியவர் வேறு.

பழைய பாட்டுக்குப் புது மெட்டு

கர்நாடக, பக்தி இசை வட்டாரத்தில் கேள்வி வேறு மாதிரி வரும். தியாகராஜர் கிருதியைப் பாடிப் பதிவிட்டால் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் கேட்க ஒன்றுமில்லை. வரியும் மெட்டும் பொதுவுடைமை, பாடியவர் ஆசிரியர் ஆக மாட்டார். திருக்குறளுக்கோ பாரதி பாட்டுக்கோ புதிதாக மெட்டுப் போட்டால் இசைப் பங்கு உங்களுக்கு உண்டு. வரிக்குப் பங்கு கேட்கக் கூடாது; 'ஆசிரியர்' என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டால் பதிவு பின்னால் கேள்விக்குள்ளாகும். நாட்டுப்புற மெட்டை எடுத்துப் புதிதாக அமைத்தால் அதை இசை அமைவு (அரேஞ்ச்மென்ட்) என்றே குறிப்பிட வேண்டும், சொந்த மெட்டு என்று அல்ல. பரதநாட்டியத்துக்கு வர்ணம், பதம், தில்லானா புதிதாக இயற்றித் தருபவர்களும் இந்தச் சங்கத்தில் சேரத் தகுதியானவர்களே. ஆனால் நடன உலகில் இந்தப் பேச்சே அதிகம் எழுவதில்லை.

எங்கிருந்து வரும், எங்கிருந்து வராது

கல்யாணக் கச்சேரியிலிருந்து வராது. மதச் சடங்கு, திருமண ஊர்வலம் உள்ளிட்ட திருமண நிகழ்ச்சிகளில் பாட்டு ஒலிப்பது சட்டப்படி மீறல் இல்லை. முகூர்த்த நாளில் ஊர் முழுக்க உங்கள் பாட்டு கேட்டாலும் கணக்கில் ஒரு ரூபாய் ஏறாது. கட்டணம் வாங்காமல் அமெச்சூர் குழு நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் விற்கும் கச்சேரி, ஓட்டல், பப், கடை, அலுவலகக் கொண்டாட்டம் இவையெல்லாம் உரிமம் எடுக்க வேண்டியவை. கச்சேரியில் பாடிய பாட்டுப் பட்டியலை நடத்துபவர் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் சரியான ஆளைத் தேடிப் போக வழியில்லை. மேடையில் ஏறும் குழுவே பட்டியலை எழுதி அனுப்பச் சொல்லி வற்புறுத்தலாம்.

எஃப்.எம். வானொலி விஷயம் நீண்ட நாள் இழுபறி. ஒலிப்பதிவுக்கு லேபிளுக்குப் பணம் கொடுத்துவிட்டோம், வரிக்கும் மெட்டுக்கும் தனியாக எதற்கு என்பது நிலையங்களின் வாதம். 2021 தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம், 2012 திருத்தத்துக்குப் பிறகு தனியாகத் தர வேண்டும் என்ற பார்வையில் ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு போட்டது. தனி ஒரு பாடலாசிரியர் இப்படி இரண்டு நகரங்களில் வழக்கு நடத்தியிருக்க முடியுமா?

ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை கேட்பதற்கு வரும் தொகை பைசாவின் துணுக்குதான். சில ஆயிரம் பேர் கேட்ட தனிப்பாடலுக்குக் கிடைப்பது டீச்செலவுக்குக்கூடப் போதாது. இதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை. பதிவில் 10 பாட்டு வைத்திருப்பவருக்கு இது வருமானம் ஆகாது, 200 பாட்டு எழுதி அதில் நான்கைந்து நின்றுவிட்டவருக்குத்தான் ஆண்டுதோறும் கணிசமாக வரும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ் வானொலிகளில் ஒலிக்கும் பாட்டுக்கும் பங்கு உண்டு. அங்கே சிங்கப்பூரில் காம்பஸ், மலேசியாவில் எம்.ஏ.சி.பி. என்ற சங்கங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுச் சங்கங்களோடு செய்துகொண்ட பரஸ்பர ஒப்பந்தங்கள் வழியாக ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு வந்து உங்களுக்கு வரும். மெதுவாகத்தான் வரும். சிங்கப்பூரில் குடியிருந்து எழுதும் தமிழர் காம்பஸில் சேர்வதே பொருத்தம். ஒரே நிலப்பரப்பின் ஒரே உரிமையை இரண்டு சங்கங்களிடம் ஒப்படைத்தால் இரண்டும் நிறுத்தி வைக்கும்.

வரும் தொகையில் வரிப் பிடித்தம் இருக்கும். பான் சரியாக இணைந்திருந்தால் 10 விழுக்காடு, இல்லாவிட்டால் 20. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டியவர்கள் பலர் அதைச் செய்வதே இல்லை.

குறைகள்

பங்கீட்டு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளக் கணக்காளர் மூளை வேண்டும். எந்தப் பாட்டு, எந்தத் தளம், எந்தக் காலம் என்று வரிவரியாக வரும், ஆங்கிலத்தில். அதை விரிதாளில் போட்டுப் பாட்டுவாரியாகக் கூட்டினால்தான் எது விடுபட்டது என்று தெரியும். தமிழில் மட்டும் எழுதிப் பழகிய மூத்த பாடலாசிரியர்கள் யாரையாவது நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. சட்டம் ஆட்சிக் குழுவில் கலைஞர்களும் நிறுவனங்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பைப் படிக்காமல் விடும் உறுப்பினர்களுக்கு அந்தச் சமத்துவத்தால் என்ன லாபம்? கட்டண விகிதமும் பங்கீட்டு முறையும் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. ஒருமுறை படித்துவிட்டுக் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இது தராதது, வேறு எங்கே கிடைக்கும்

பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் ஐ.பி.ஆர்.எஸ். கதவைத் தட்டக் கூடாது. அவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை, காலம் 50 ஆண்டு, அதற்கான சங்கம் இஸாம்ரா. 2013-ல் பாடகர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமாக இஸ்ரா என்ற பெயரில் பதிவானது, பிறகு வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டது. மெட்டும் போட்டுப் பாடவும் செய்பவர் இரண்டிலும் சேர வேண்டும். பி.பி.எல். என்பது ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கானது, கலைஞர் சேரும் இடம் அல்ல.

சம்பள பாக்கி, கால்ஷீட் தகராறு போன்றவை தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழ் உள்ள தொழிற்சங்கங்களின் வேலை. முதுமையில் உதவித்தொகை வேண்டுமென்றால் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் நலிந்த கலைஞர் நிதியுதவித் திட்டம் இருக்கிறது, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் மூத்த கலைஞர் நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. கிராமியக் கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். இங்கே வயது வரம்பைப் பார்த்து முன்கூட்டியே பதிந்தால்தான் பிறகு உதவி கேட்க முடியும். விபத்து நடந்த பிறகு உறுப்பினராக ஓடுவது பயன் தராது. ஐ.பி.ஆர்.எஸ். 2020 ஊரடங்கின்போது உறுப்பினர்களுக்கு நிவாரணம் கொடுத்தது உண்மைதான், ஆனால் அது நல வாரியம் இல்லை.

வாரிசு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பாட்டின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டு நிற்கிறது. உறுப்பினராக இருந்தவர் வாரிசுதாரரை நியமித்துவிட்டுப் போயிருந்தால் குடும்பத்துக்கு வேலை சுலபம். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், அதோடு பாடல் பட்டியல். மற்ற காகிதங்கள் தாலுகா அலுவலகத்தில் அலைந்தால் கிடைத்துவிடும். பட்டியல்தான் கிடைக்காது. 1980களில் பக்திக் கேசட்டுக்கும் டப்பிங் படத்துக்கும் எழுதியவரின் பெயர் பல சமயம் உறையில்கூட இல்லை. உயிரோடு இருக்கும் மூத்த பாடலாசிரியரின் வீட்டில் பிள்ளைகள் இப்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டு, படம், ஆண்டு, இசையமைப்பாளர், கம்பெனி என்று ஐந்து பத்தி போட்டு எழுத ஆரம்பிக்கலாம். பழைய பாட்டுப் புத்தகம், எல்.பி. உறை, ஒப்பந்தக் கடிதம், காசோலை நகல் எது கிடைத்தாலும் அந்தந்த வரிக்கு எதிரே ஒரு எண் போட்டு உறையில் வைக்கலாம்.